என் நாத்தனாரின் நான்கு பிறப்புச் சீட்டுகள்

என் நாத்தனார் பிறந்தது ஒரே ஒரு தடவைதான். அவளுடைய பிறப்புச் சீட்டு மட்டும் ஒரே வருஷத்தில் நான்கு தடவை எழுதப்பட்டது. நான்கு தடவையும் ஆபீசுக்குப் போய் நின்று வாங்கி வந்தவள் நான்தான். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். ஒருவர் ஐந்து சீட்டு என்பார், ஒருவர் ஏழு என்பார். போன கல்யாணத்தில் ஒரு பெண் பத்து என்றே சொல்லிவிட்டது. அதனால் நானே உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாக எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகப் படித்தால் போதும்.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் பாண்டிச்சேரியில் சாரம் பக்கம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் தறி ஓட்டினார். நான் அதே ஆலையில் நூல் சுற்றும் பக்கம். வீட்டில் எங்களோடு மாமியாரும் நாத்தனாரும் இருந்தார்கள். மாமனார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். எங்களுக்கு அப்போது பிள்ளைகள் இல்லை. நாத்தனாரைத்தான் நான் பாப்பா என்று கூப்பிடுவேன். தாவணி போட்ட பெரிய பெண்தான், ஆனாலும் பாப்பா. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சு படித்து, கடைசிப் பரீட்சை தேறி, சர்ட்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தாள். எங்கள் தெருவில் அப்படி ஒரு தாள் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. மாமியார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்.

அந்த வருஷம் மாசி மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். துணைக்கு ஆள் இல்லையென்று பாப்பாவை அனுப்பினோம். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். வெந்நீர் கொண்டு வா என்றால் துணியையும் சேர்த்துக் கொண்டு வருவாளாம். பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்ட பெரிய நர்சம்மா இவளைக் கவனித்துவிட்டு, நான் சோறு எடுத்துக்கொண்டு போனபோது என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்தப் பொண்ண ஊட்ல வச்சி இன்னா பண்ணப் போறீங்க? தை மாசம் இங்கயே பிரசவ நர்சு படிப்பு ஆரம்பிக்கறாங்க. அனுப்பி வைங்க."

அதற்கு இரண்டு தாள் வேண்டும் என்றார். நர்சுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற கவுன்சில் மெட்ராசில் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் இந்தப் படிப்புக்குப் போதும் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படித்து முடித்தாலும் லைசென்ஸ் கிடையாது. அந்தத் தாளைக் கொண்டுபோய் எங்கள் ஊர்க் கல்வி ஆபீசில் காட்டினால் படிப்புக்கு உதவித்தொகை தருவார்கள். ஆலைக் கூலியில் புத்தகமும் வெள்ளைச் சேலையும் ஹாஸ்டல் சாப்பாடும் எங்களால் முடியாது. ஆக, இரண்டு தாளும் வந்தால் படிப்பு, ஒன்று வராவிட்டாலும் இல்லை.

வீட்டில் வந்து சொன்னேன். மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"எங்க அண்ணன் மவன் இருக்கான். உழவர்கரையில கெணறும் காணியுமா இருக்கறாங்க. அங்க போயி மவராசியா ஒக்காராம, கண்டவங்க புள்ளத்தாச்சிக்கு ஓடி ஓடித் துணி அலசறதுக்கா நான் இவள பிரெஞ்சு படிக்க வச்சேன்?"

"அங்க போனா மட்டும் ஒக்கார உடுவாங்களா அத்தே? மாடு கழுவணும், நாத்து நடணும்."

"மாடு கழுவறது நம்ம மாடு!"

பாப்பா குறுக்கே, "மாடு பிரெஞ்சு பேசாதும்மா" என்றாள். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் காலையில்தான் ஒரு முடிவு சொன்னார்.

"தை பொறக்கறதுக்குள்ள ரெண்டு தாளும் இந்த வாசப்படி ஏறி வரட்டும், நான் தடுக்கல. வரலன்னா தைப் பொங்கலுக்கு எங்க அண்ணன் வரிசையோட வருவாரு. அப்ப எவளும் வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது எதிர்வீட்டுக்காரி, "உன் நாத்தனாரு டாக்டராயிடுச்சாமே?" என்று இழுத்தாள். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இல்ல, நர்சு. லைசென்சோட வந்து நிக்கும், நீ பத்தாவது புள்ள பெக்கறப்ப கூப்புடு" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இது பாப்பாவின் படிப்பு மட்டும் இல்லை, என் மானமும்தான்.

மனு எழுத யாரிடம் போவது? கோர்ட்டுப் பக்கத்து மரத்தடியில் ஒரு பெரியவர் பிரெஞ்சில் மனு எழுதுவார். கொடி மாறியதும் ஒரு பழைய இங்கிலீஷ் டைப் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு இங்கிலீஷிலும் அடிக்க ஆரம்பித்திருந்தார். வேட்டிக்கு மேல் கோட்டு. யார் போனாலும் எழுந்து நின்று, "வாங்க மதாம்" என்பார். ஆலையில் என்னை ஏ பொண்ணே என்பார்கள். மரத்தடியில் நான் மதாம். அதற்காகவே அவரிடம் போனேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவரை நாங்கள் முசே என்போம்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொறப்புச் சீட்டு இருக்கா?" என்றார்.

"இருக்குது முசே. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாங்குனது."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "மதாம், அது எப்பவோ செத்துப் போச்சே."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் சட்டத்தில் பிறப்புச் சீட்டுக்கு ஆயுசு மூன்று மாதம். நகராட்சி ஆபீசை நாங்கள் மேரி என்போம். அங்கே பெரிய புத்தகத்தில் நம் பிறப்பு எழுதியிருக்கும். அதைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற சீட்டு மூன்று மாதம் தாண்டினால் எந்த ஆபீசிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதுசு வாங்கி வா என்று திருப்பி அனுப்புவார்கள். கல்யாணமா, பென்ஷனா, பள்ளிக்கூடமா, எதுவானாலும் புதுச் சீட்டு. பால் திரியும், பூ வாடும், பிறப்புச் சீட்டு மூன்று மாதத்தில் சாகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.

மேரிக்குப் போய்ப் புதுச் சீட்டு வாங்கினேன். முசே மனுவை அடித்துக் கொடுத்தார். மனுவும் சீட்டும் சர்ட்டிபிகேட்டின் நகலும் சேர்த்து, சித்திரையில் ரிஜிஸ்டர் தபாலில் மெட்ராசுக்கு அனுப்பினோம். தபாலாபீசில் நானே கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆலையில் நூல் சுற்றுகிற பெண்களில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. நான் அதில் ஒருத்தி.

வைகாசி போனது. ஆனி போனது. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மாமியார் உள்ளேயிருந்து, "நம்ம ஊட்டுக்கு ஒண்ணும் இல்லியே?" என்று சந்தோஷமாகக் கேட்பார். ஆடி பிறந்ததும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சீட்டு சாகப் போகிறதே! மரத்தடிக்கு ஓடினேன்.

"நல்ல வேள, ஞாபகம் வச்சி வந்தீங்க" என்றார் முசே. "இந்நேரம் அவங்க மனுவ எடுத்துப் பாத்து, சீட்டு பழசுன்னு ஒதுக்கி வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் புதுசா அனுப்பிடுவோம்."

மறுபடி மேரி, மறுபடி சீட்டு, மறுபடி மனு. இதைக் கேட்டுவிட்டு மாமியார் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏண்டி, எம்பொண்ணு கல்லு மாதிரி உசுரோட நிக்கறா. அவ பொறந்த சீட்டு மட்டும் எப்பிடி சாவும்? பொறந்தது பொறந்ததுதான?"

"உங்களுக்கு ஆபீசு நடப்பு தெரியாது அத்தே" என்றேன்.

ஆவணி, புரட்டாசி. பதிலே இல்லை. ஐப்பசியில் மூன்றாவது தடவை எல்லாவற்றையும் புதிதாக அனுப்பினோம். மேரியில் சீட்டு எழுதுகிற குமாஸ்தா என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மறுபடியும் பொறந்துடுச்சா உன் நாத்தனாரு?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்த ஆபீசுக்காரரும் எங்கள்மேல் ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்கிறோம் என்ற திடம் எனக்கு இருந்தது.

கார்த்திகையில் மாமியாரின் அண்ணன் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து போனார். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். போகும்போது வாசலில் பந்தல் போட்டால் எத்தனை பேருக்கு நிழல் தரும் என்று அளந்து பார்த்துவிட்டுப் போனார். மாமியார் பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களை இறக்கிப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தார். பாப்பா வழக்கமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அன்று அவளும் பேசாமல் தாயாருக்குச் சாம்பல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் மெட்ராசுக்குப் போறேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"இன்னாத்துக்கு?"

"அந்தக் கவுன்சிலு எங்க இருக்குதுன்னு கண்ணால பாத்துட்டு வரேன். பாப்பாவையும் கூட்டிக்கினு போறேன்."

"எனுக்கு லீவு குடுக்க மாட்டாங்களே. ரெண்டு பொம்பளைங்க தனியா போயி மெட்ராசுல தொலைஞ்சி போனா இன்னா பண்ணுவீங்க?"

"உங்க தங்கச்சிக்கு பிரெஞ்சு தெரியும். எனுக்கு வாய் தெரியும். தொலைய மாட்டோம்."

அவர் வழிச்செலவுக்குக் கொடுத்துவிட்டு, மெட்ராசில் ரிக்‌ஷாக்காரன் என்ன கேட்டாலும் பாதி சொல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நேரில் போகும்போது வாடின சீட்டை நம்பிப் போகலாமா? ஐப்பசியில் அனுப்பிய சீட்டுக்கும் ஆயுசு முடியப்போகிறது. மார்கழி பிறந்ததும் மேரிக்குப் போய் நான்காவது சீட்டு வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா இந்தத் தடவை என் தலையைப் பார்த்ததுமே பெரிய புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கம் அவருக்கே மனப்பாடம்.

காலை முதல் பஸ்சில் கிளம்பினோம். ஊர் எல்லை வந்ததும் நான் மடியில் இருந்த மூட்டையை அவிழ்த்து வைத்துக்கொண்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அங்கே சுங்கச் சாவடி. இறங்கி மூட்டையைக் காட்டாமல் தாண்ட முடியாது. இப்போது பஸ் நிற்காமலே போனது. பாப்பா, "அண்ணி, யாருக்குக் காட்டறீங்க புளிசோத்த?" என்று கேட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவிழ்த்தது அவிழ்த்தாகிவிட்டதே என்று இருவரும் சாப்பிட்டுவிட்டோம்.

கவுன்சில் ஆபீசை விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு நீளமான அறை. கட்டுக் கட்டாகத் தாள். காற்றாடி சுற்றியதில் ஒவ்வொரு கட்டின்மேலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். பாண்டிச்சேரி மனு எல்லாம் அந்த மேசை என்று ஒருவரைக் காட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான குமாஸ்தா. பாப்பாவின் பெயரைச் சொன்னதும் அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா அது?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மெட்ராசிலேயே எங்களைத் தெரிந்திருக்கிறது.

"நாங்கதான்" என்றேன்.

அவர் ஒரு கட்டின் அடியிலிருந்து ஒரு கோப்பை உருவி மேசைமேல் போட்டார். எங்கள் மூன்று மனுவும் ஒன்றன்மேல் ஒன்றாக நூலில் கோத்திருந்தன.

"அம்மா, ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. எதுக்கு மூணு தடவை மனு போட்டீங்க?"

"சீட்டு செத்துப் போகுமில்ல, அதான்."

"எந்தச் சீட்டு?"

"பொறப்புச் சீட்டு. மூணு மாசம் ஆனா செத்துடுமே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சார், இங்க வாங்க, இவங்க சொல்றத கேளுங்க" என்றார். அவரும் வந்தார். நான் இரண்டாவது தடவை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கிச் சொன்னேன்.

"எங்க ஊர்ல பொறப்புச் சீட்டு ஒரு தடவை வாங்கினா ஆயுசு பூரா செல்லும்மா" என்றார் குமாஸ்தா. "இங்க வேற ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் புதுசா மனு போட்டா, பழைய மனுவ அதோட சேத்துக் கட்டி, புது மனுவோட தேதிக்கு வரிசையில வைப்போம். உங்க முதல் மனு ஆடி மாசமே என் கைக்கு வந்துச்சு. எடுத்துப் பிரிக்கறேன், அன்னிக்குத் தபால்ல உங்க ரெண்டாவது மனு வந்து நிக்குது. சேத்துக் கட்டி அடியில வெச்சேன். ஐப்பசியில மறுபடியும் மேல வந்துச்சு. பிரிக்கறேன், மூணாவது வந்துடுச்சு! என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுவ நான் பாத்ததே இல்ல. நாங்க உங்கள கூப்பிடக் கூப்பிட நீங்களே ஓடிப் போயி வரிசையில கடைசியா நின்னுக்கறீங்க."

பாப்பா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வந்த காரியம் முக்கியமில்லையா? இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று, மடியிலிருந்த நான்காவது சீட்டை எடுக்கப் போனேன்.

"அதென்ன கையில?"

"புதுச் சீட்டு. இந்த மாசத்துது."

குமாஸ்தா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அத மடியிலயே வைங்க! மேசையில வெச்சீங்கன்னா மறுபடியும் அடியிலேருந்துதான்!"

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர், உள்ளே தண்ணீர் கொண்டு வந்த ஆயா எல்லாரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து ரிஜிஸ்ட்ரார் அம்மா எங்கள் இருவரையும் வரச் சொன்னார். கதர்ச்சேலை, நரைத்த கொண்டை. பாப்பாவின் பிரெஞ்சு சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கணக்கு இருந்துதா?" என்று கேட்டார் பாப்பாவை.

"இருந்துச்சி மேடம். கணக்கு, சரித்திரம், சுகாதாரப் பாடம், தையல்."

"தையல் நல்லா வருமா?"

"துணி நல்லா தெப்பேன். மனுசங்கள தெக்க நீங்கதான் உத்தரவு குடுக்கணும்."

நான் அவள் காலை மிதித்தேன். அந்த அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? அம்மாவா?"

"அண்ணிங்க. அவங்க அம்மா ஊட்ல பாத்திரம் வெளக்கிக்கினு இருக்கறாங்க."

"பாத்திரமா?"

"கல்யாணத்துக்கு. தை பொறக்கறதுக்குள்ள உங்க தாளு வந்தா நர்சு. வரலன்னா மாமன் மவன். எங்க அத்தே சொன்னா சொன்னதுதான்."

அவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். இந்தச் சர்ட்டிபிகேட் போதும் என்று வேறு பாண்டிச்சேரிப் பெண் ஒருத்திக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறோமே, இதற்கு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார். குமாஸ்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் தாளை அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். குமாஸ்தா கொடுக்கும்போது, "அம்மா, இதுக்கு ஆயுசு கிடையாது. மூணு மாசம் கழிச்சு திரும்பி வந்துடாதீங்க" என்றார்.

ஒரு தாள் ஆயிற்று. மறுநாளே எங்கள் ஊர்க் கல்வி ஆபீசுக்குப் போனோம். கடற்கரைப் பக்கம், உயரமான கதவு வைத்த பிரெஞ்சுக் கட்டடம். உதவித்தொகை மனு வாங்குகிறவர் எங்கள் ஊர்க்காரர்; பிரெஞ்சில் படித்து, பிரெஞ்சுக்காரரிடமே வேலை பார்த்தவர். கவுன்சில் தாளைப் பார்த்தார், தலையாட்டினார். ஆலைக் கூலிச் சீட்டைப் பார்த்தார், தலையாட்டினார். அடுத்து, பிறப்புச் சீட்டு வேண்டும் என்றார். நான் மெட்ராசில் கற்ற பாடத்தை உடனே காட்டினேன். முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய பழைய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஆயுசு பூரா செல்லும் என்று பெரிய ஆபீசிலேயே சொல்லிவிட்டார்களே!

அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இன்னாம்மா இது? மூணு மாசத்துக்குள்ள எடுத்தது இல்லாம எப்படி வாங்குவேன்? தெரியாதா உனுக்கு? பாண்டிச்சேரிதான நீ?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் பாப்பாவைப் பார்த்தேன். மேரிக்கு ஓடவும் தேவையில்லை. மடியிலேயே இருந்தது, மார்கழிச் சீட்டு, மை கூட இன்னும் மங்கவில்லை. எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அப்புறம் ஏன் பழசக் குடுத்தே?" என்றார்.

"எந்த ஊர்ச் சட்டம்னு பாத்தேன்" என்றேன். அவருக்கு அது புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெளியே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். பாப்பா சுண்டல் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.

உத்தரவு தபாலில் வரும் என்றார்கள். மார்கழி கரைந்துகொண்டே வந்தது. மாமியார் வாசலில் கோலத்தைத் தினமும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர்கூட தபால்காரரின் சைக்கிள் மணிக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

போகிக்கு முதல் நாள் மத்தியானம், ஆலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. வாசலில் என்னை யாரோ தேடுவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மாமியார். வெயிலில், செருப்பில்லாமல், சாரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பின்னால் பாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள். மாமியார் கையில் ஒட்டின உறை.

"ஏன் அத்தே, பாப்பாவையே பிரிக்கச் சொல்லி இருக்கலாமே?"

"கெஞ்சிப் பாத்துட்டேன் அண்ணி. கையில குடுக்க மாட்டேன்றாங்க" என்றாள் பாப்பா.

"அவ இன்னா ஒழச்சா?" என்றார் மாமியார். "மெட்ராசுக்கும் மேரிக்கும் அலைஞ்சவ நீ. நீதான் பிரிக்கணும். இந்தா. நல்ல தாளா கெட்ட தாளான்னு சொல்லு. என்னால அதுவரிக்கும் ஊட்ல குந்திக்கினு இருக்க முடியல."

நான் பிரித்தேன். உள்ளே பிரெஞ்சும் இங்கிலீஷும். எனக்கு எதுவும் படிக்க வராது. பாப்பாவிடம் நீட்டினேன். அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில், ஆலை வாசலில். நூல் சுற்றுகிற பெண்கள் எல்லாம் என்ன என்ன என்று சூழ்ந்துகொண்டார்கள்.

மாமியாருக்கு யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அவரே புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு, "சரி, சங்கு ஊதிடப் போவுது, நீ சாப்புடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பொங்கலன்று மாமியாரின் அண்ணன் வந்துவிட்டார். வரிசைத் தட்டு, கரும்பு, மகன் எல்லாம் மாட்டுவண்டியில். மாமியார் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அண்ணே, எம்பொண்ணு நர்சு படிக்கப் போவுது. தாளு வந்துடுச்சி. நான் சொல்லு குடுத்துட்டேன்."

"அப்ப எனுக்குக் குடுத்த சொல்லு?"

"உனுக்கு, தாளு வரலன்னாதான் தரேன்னு சொன்னேன். வந்துடுச்சே."

அவர் மீசையைத் தடவினார். "சரி, படிக்கட்டும். படிச்சி முடிச்சதும் எம்மவனுக்குத்தான?"

மாமியார் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அத அப்ப பாக்கலாம். மனு போட்டுட்டுப் போ அண்ணே. வரிசையில வர்றப்ப கூப்புடறோம்."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? வண்டிக்குப் பக்கத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையன்தான். அவனுக்கும் அப்போதே கல்யாணத்தில் அவசரம் இல்லை போலிருக்கிறது. அண்ணன் கோபித்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தோம். கிளம்பவில்லை. பொங்கலை இரண்டு தடவை போட்டுக்கொண்டு, கரும்பில் பாதியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வகுப்பு ஆரம்பிக்கிற அன்று நானும் மாமியாரும் பாப்பாவை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய் விட்டோம். வழி முழுக்க மாமியார் திட்டிக்கொண்டே வந்தார்: நேரத்துக்குச் சாப்பிடு, ஆம்பிளைப் பசங்களோடு வாயாடாதே, செத்த பிணம் எதையும் தொடச் சொன்னால் என் பெயரைச் சொல்லி முடியாது என்று சொல். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் எங்களை நிறுத்தி, நோயாளியைப் பார்க்க நேரம் ஆகவில்லை, சாயங்காலம் வாருங்கள் என்றார். பாப்பா அட்மிஷன் தாளை எடுக்கப் பையைத் திறந்தாள்.

மாமியார் காத்திருக்கவில்லை.

"நோயாளி ஆரு இங்க? நர்சம்மா வந்திருக்குது, வழி உடுய்யா!" என்றார்.

பாப்பா இன்னும் உள்ளே ஒரு காலைக்கூட வைக்கவில்லை. காவல்காரர் நகர்ந்து வழி விட்டார்.